கிரகணம் விட்ட மறுநாள்

ஜவுளிக்கடைக்குத் தீபாவளி எப்படியோ, ஜோசியருக்குக் கிரகணம் அப்படி. அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே பூதப்பாண்டி தாணுவின் வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சந்திர கிரகணம். பிடிப்பது பூரம் நட்சத்திரத்தில். அதனால் பூரத்துக்காரர்களும், அண்டை வீட்டுக்காரர்களான மகமும் உத்திரமும், கூடவே பரணியும் பூராடமும் சாந்தி செய்துகொள்ள வேண்டும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. அச்சில் வந்துவிட்டால் அப்புறம் யார் வீட்டில் சும்மா இருக்கிறார்கள்?

தாணு பனையோலை நறுக்குகளில் சுலோகம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கிரகண நேரத்தில் அதை நெற்றியில் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பட்டம் என்று பெயர். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே விளக்கம்தான். சூரியன் அப்பாவுக்கும் அரசாங்கத்துக்கும் உரிய கிரகம், சந்திரன் அம்மாவுக்கும் மனசுக்கும் உரிய கிரகம். சூரியனைப் பாம்பு பிடித்தால் அங்கே குடைச்சல், சந்திரனைப் பிடித்தால் இங்கே குடைச்சல். காலையிலிருந்து பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பார். 'பாம்பு' என்கிற இடத்தில் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பதைப் பதினைந்து தடவையும் விடவில்லை. வயது அறுபத்திரண்டு ஆன பிறகும் தன் குரலைக் கேட்பதில் மனுஷனுக்கு அலுப்பே கிடையாது.

கூட்டம் கலைகிறவரை சுவரோரமாகக் காத்திருந்த தங்கபாய் கடைசியாக முன்னால் வந்து உட்கார்ந்தாள். தெரிசனங்கோப்புக்காரி, அறுபத்தைந்து வயது இருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

"அண்ணாச்சி, எனக்க மக ரேஷ்மிக்கு ஒரு பட்டம் வேணும். மகம் நட்சத்திரம். ஜாதகம் நீங்க எழுதினதாக்கும்."

தாணுவுக்கு உடனே நினைவு வந்துவிட்டது. மில் வேலை போனபிறகு அம்பாசமுத்திரத்தில் ஒருவரிடம் இரண்டு வருஷம் ஜோசியம் படித்துவிட்டு வந்து தொழில் தொடங்கிய புதிது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ரேஷ்மியின் அப்பா ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். அதில் இருந்த தேதியையும் நேரத்தையும் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தால், நேராக முழுச் சந்திர கிரகணத்தின் நடுவில் போய் விழுந்தது! தொழிலுக்கு வந்தவுடனே கிரகணத்தில் பிறந்த ஜாதகம். தாணுவுக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்பு மை வாங்கிவந்து எழுதினார்: 'சந்திர கிரகண காலத்தில் ஜனனம். களத்திர தோஷம் பலமாக உண்டு. கொண்டவனுக்குக் கண்டம்.' எழுதியதோடு விட்டாரா? ஒரு வருஷம் போகிற இடமெல்லாம் அதைப் பற்றியே பேசினார்.

அந்தச் சிவப்பு மைக்குப் பிறகு வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எல்லாரும் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ரேஷ்மிக்கு இப்போது முப்பத்தேழு.

தங்கபாய் குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் கிரகணத்துனால பிள்ளைக்கு இனியும் ஒண்ணும் வராதுல்லா அண்ணாச்சி? ஏற்கெனவே நான் செஞ்ச பாவத்த அவ சொமக்கா."

"நீங்க என்ன பாவம் செஞ்சிய?"

"இதுவரைக்கும் ஆருகிட்டயும் சொன்னதில்ல." அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள். "அன்னைக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில கெடக்கேன். கிரகணம்னு சன்னலையெல்லாம் அடைச்சுப் போட்டாவ. எனக்கு மூச்சு முட்டுச்சு. ஆரும் பாக்காத நேரம் எந்திரிச்சு ஒரு சன்னலத் தொறந்தேன். நிலா செக்கச்செவேல்னு நின்னுது. ரொம்ப நேரம் பாத்துட்டேன் அண்ணாச்சி. அழகாட்டும் இருந்து. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு நான் பாத்ததுனாலதானே அவளுக்கு இந்தத் தோஷம்? எனக்க வீட்டுக்காரரு சாகுதவரைக்கும் அவருகிட்டக்கூடச் சொல்லல."

இந்த மாதிரி இடங்களில் சொல்ல தாணுவிடம் ஆறுதல் வார்த்தைகள் தயாராக இருந்தன. வாயையும் திறந்துவிட்டார். அப்புறம்தான் காதில் விழுந்தது மண்டைக்குள் போனது.

"வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டா? அன்னைக்கு ராத்திரி பிள்ளை பெறக்கல்லியா?"

"எங்க பெறந்தா? மறுநா ராத்திரி ஒம்பது மணிக்குல்லா பெறந்தா. ரெண்டு நாளு உயிர எடுத்துட்டா. செவ்வாக்கிழமை. அவ அப்பா இசக்கியம்மனுக்கு நேர்ச்சை போட்டுட்டு வந்து நிக்காரு, உள்ள பிள்ளை அழுகு."

தாணு எழுதிய ஜாதகத்தில் திங்கட்கிழமை என்று இருந்தது.

"பட்டத்த நாளைக்கு நானே வீட்டுக்குக் கொண்டுட்டு வாறேன்" என்றார். ஜோசியரே வீடு தேடி வருகிறாரே என்று தங்கபாய்க்கு ஒரு மாதிரி பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

தாணுவிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஆட்கள் கொண்டுவருகிற பிறந்த குறிப்பை நோட்டில் ஒட்டி வைத்துவிடுவார். பரணில் ஏறி, முதல் வருஷத்து நோட்டைத் தூசியோடு இறக்கினார். துண்டுச் சீட்டு இருந்தது. '1164 மாசி 9, ராத்திரி 9 மணி.'

1164 என்பது கொல்லம் ஆண்டு. ஒரு காலத்தில் மலையாள ராஜ்யத்தோடு இருந்த இந்த ஜில்லாவில் பழைய ஆட்கள் பிறந்த நாளைக் குறிப்பது அந்தக் கணக்கில்தான். மாசத்தின் பெயரைத் தமிழில் எழுதுவார்கள், ஆனால் மாசம் பிறக்கும் முறை மலையாளத்து முறை. சூரியன் அடுத்த ராசிக்குள் மத்தியானம் கழிந்து நுழைந்தால், தமிழ்ப் பஞ்சாங்கத்துக்கு அன்றைக்கே தேதி ஒன்று. மலையாளத்துக்கு மறுநாள்தான் ஒன்று. வருஷத்தில் இரண்டு மூன்று மாசம் இப்படி ஒரு நாள் விலகும். அந்த மாசி அப்படிப்பட்ட மாசி. தமிழ் முறை மட்டுமே புழங்கும் அம்பாசமுத்திரத்தில் படித்த தாணு தமிழ்ப் பஞ்சாங்கத்தில் மாசி ஒன்பதைப் பார்த்தார், கிரகணம் இருந்தது. சீட்டு எழுதிய மனுஷருக்கு மாசி ஒன்பது மறுநாள். அன்றைக்கு வானத்தில் கிரகணமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நட்சத்திரமும் மகம் இல்லை, பூரம்.

பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா என்று கேட்கலாம். ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக வாத்தியாரே ஒரு மே மாசத் தேதியைப் போட்டுவிட்டிருந்தார். அப்பாவுக்குச் சீட்டில் இருந்த தேதி தெரியும், கிரகணம் அதற்கு முந்தின நாள் என்பது மறந்துபோயிருந்தது. அம்மாவைக் கேட்டிருக்கலாம். பெற்றவளை யாரும் கேட்கவில்லை. அவளோ கிரகணத் தோஷம் என்றதும், ஜன்னலைத் திறந்த தன் கையை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

இதில் ஒரு விஷயத்தைத் தாணுவால் தன்னிடமே மறைக்க முடியவில்லை. தொழில் தொடங்கிய மூன்றாம் வருஷம், திருவட்டார்ப் பக்கத்து ஜோசியர் ஒருவர் பேச்சுவாக்கில் இந்த மாசக் கணக்கைச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தாணு திருத்திக்கொண்டார். அதற்கு முன்னால் எழுதிய நோட்டுகளை மட்டும் திறக்கவே இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லி, அதை நம்பவும் செய்தார். மனுஷனுக்கு இப்படி ஒரு சாமர்த்தியம்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி கோலம்மை இரண்டு தடவை பார்த்தாள், மூன்றாம் தடவை கேட்டுவிட்டாள். தாணு சொன்னார். அவள் மீன் சட்டியை மூடிவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"போய்ச் சொல்ல வேண்டியதுதானே? இதுக்கும் நல்ல நேரம் பாக்கணுமா?"

"ஏட்டி, வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் இந்தப் படி ஏறுவான்? கிரகணம் கழியட்டுமேன்னு பாக்கேன்."

"கிரகணத்துல நிக்கது நீங்கதான்" என்றாள் கோலம்மை. "அந்தப் பிள்ளை பெறந்ததே மறுநாள்னு இப்பம்தானே சொன்னிய."

அவர் சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவினார். கோபமும் வந்தது, அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் தெரிசனங்கோப்புக்குப் போனார். வயல்காட்டு வழியில் வண்டி இரண்டு தடவை தானாகவே மெதுவாகியது. உண்மையில் கை முறுக்க மறுத்தது. அவள் செருப்பைக் கழற்றினால்கூட வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தீர்மானித்த பிறகு வண்டி ஒழுங்காக ஓடியது.

ரேஷ்மி வீட்டில் இருந்தாள். நாகர்கோவிலில் ஒரு லேபில் டெக்னீஷியன். பதினான்கு வருஷமாக ஊர்க்காரர்களின் ரத்தத்தைக் குழாயில் அடைத்துப் பார்த்துப் பார்த்து, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் இருக்கப் பழகியவள். "வாங்க மாமா" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

தாணு உட்காரவில்லை. உட்கார்ந்தால் வளவளவென்று சுற்றிவளைத்துப் பேசிவிடுவோம் என்று அவருக்கே தெரியும். நோட்டைத் திறந்து சீட்டைக் காட்டினார். நின்றுகொண்டே, 'பாம்பு' என்றெல்லாம் சொல்லாமல், பார்வை எதுவும் பார்க்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். மூன்றாம் வருஷமே கணக்குத் தெரிந்தும் பழைய நோட்டைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னார். அதை மட்டும் விட்டுவிடலாமா என்று வழிநெடுக யோசித்திருந்தார். சொல்லிவிட்டார்.

"பிள்ளை பெறந்தது கிரகணம் விட்ட மறுநாள். கேது அதே ராசியிலதான் நிக்கு. ஆனா சந்திரன் அதத் தாண்டித் தள்ளி வந்தாச்சு. நான் சிவப்பு மையில எழுதினது ஒண்ணும் ஒனக்க ஜாதகத்துல இல்ல மக்கா. தப்பு எனக்கது."

முதலில் பேசியது தங்கபாய்தான்.

"அப்பம் நான் சன்னலத் தொறந்தது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நான் பாத்தேனே அண்ணாச்சி. ரொம்ப நேரம் பாத்தேன்."

"பாத்திய. அதனால பிள்ளைக்குக் கையில குறையா, காலுல குறையா? பேருக்கு ஒரு மச்சமாவது உண்டா? ஒண்ணும் இல்லல்லா. நிலாவப் பாத்திய, அவ்வளவுதான்."

"சத்தியமாட்டா?"

"எனக்க பிள்ளைகளாண சத்தியமாட்டு."

தங்கபாய் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரித்தாள், பிறகு அழுதாள். இரண்டும் ஒன்றாக வந்ததில் புரையேறிவிட்டது. முப்பத்தேழு வருஷமாக ஒரு ஜன்னல் கதவைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தவள். ரேஷ்மி தண்ணீர் எடுத்துவந்து அவள் முதுகைத் தடவினாள்.

"எம்மா, இதையா இத்தன நாளா மனசுல வச்சிருந்த? எங்கிட்டச் சொல்லப்பிடாதா?"

"சொன்னா நீ என்னைய வெறுத்துருவேன்னு நெனச்சேன் மக்கா."

ரேஷ்மி அம்மாவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். இப்போது முகத்தில் எல்லாம் தெரிந்தது. தாணு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, நான் ஜோசியத்த நம்பமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுகவ. தெரியும்லா?"

"தெரியும்."

"எங்க லேபுல ராஜகுமார்னு ஒருத்தரு இருக்காரு. மூணு வருஷமா கேக்காரு. அவருக்கு ஜாதகமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்லுவேன். அம்மைய விட்டுட்டு வரமுடியாதும்பேன், வயசாயிட்டும்பேன். வெள்ளிக்கிழமை கடைசியாட்டுக் கேட்டாரு. மார்த்தாண்டத்துல அவருக்குப் பெண்ணு பாக்கப் போறாவளாம், புதன்கிழமை. நான் முடியாதுன்னுட்டேன்." அவள் கண்ணைத் துடைத்தாள். "ஏன் தெரியுமா? கொண்டவனுக்குக் கண்டம்னு எழுதியிருந்தியளே. நம்பல்லதான். ஆனா நம்பல்லங்கத அவரு உயிர வச்சுப் பரீட்சை பண்ண எனக்குத் தைரியம் இல்ல மாமா."

செருப்படி வாங்கியிருந்தால் தாணுவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. தலையைக் குனிந்தபடி நின்றார்.

"கொண்டுட்டு வாறேன்னு சொன்ன பட்டம் எங்க?" என்றாள் ரேஷ்மி திடீரென்று.

"இருக்கு. ஆனா..." தாணு தயங்கினார். வந்தது வந்தாயிற்று, இதையும் மறைப்பானேன். "ஒனக்க உண்மையான நட்சத்திரம் பூரம். செவ்வாக்கிழமை கிரகணம் பிடிக்கதே பூரத்துலதான். மகம்னா பக்கத்து வீடு. பூரம்னா நேரே ஒனக்க வீடு."

ரேஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணீரைத் துடைக்கத் துடைக்கச் சிரிப்பு வந்தது.

"ஒரு கிரகணத்துல இருந்து எறக்கி அடுத்ததுல ஏத்தி விட்டுட்டியளே மாமா!"

"இது வந்துட்டுப் போறது மக்கா. ஏழு மணிக்கு முன்ன விட்டுரும். ஒரு விளக்கு வச்சா போதும்."

"ஏழு மணிக்கு முன்னவா? புதன்கிழமைக்கு அது போதும்" என்று சொல்லி, போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தாணுவும் தங்கபாயும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து பேச்சு கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. ஒரு தடவை சத்தம் உயர்ந்தது. தங்கபாய் தாணுவின் முகத்தைப் பார்த்தாள், ஏதோ அவருக்குத் தெரியும் என்பது மாதிரி. தாணு இல்லை என்று தலையாட்டினார். வெளியே தேங்காய் விழுந்ததற்கு இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள்.

கதவு திறந்தது. ரேஷ்மி முகம் கழுவியிருந்தாள்.

"புதன்கிழமை அவருக்க வீட்டுல இருந்து வாறாவ" என்றாள் அம்மாவிடம். "மார்த்தாண்டத்துக்கு இல்ல. இஞ்ச."

தங்கபாய் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தாணுவுக்கு நெஞ்சுக்குள் இரண்டு நாளாக ஏறி உட்கார்ந்திருந்த கல் உருண்டு எங்கோ போனது. தப்பித்தோம் என்று இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, மூச்சு தாராளமாக வந்தது. இதுதான் சமயம் என்று நோட்டை மடக்கிப் பையில் வைத்தார்.

"அப்பம் நான் வரட்டா மக்கா?"

"இருங்க மாமா. அந்த நோட்ட எடுங்க."

"எதுக்கு?"

"எங்க லேபுல ஒரு மெஷின் தப்பா காட்டுதுன்னு கண்டுபிடிச்சா, ஒரு ஆளுக்க ரிப்போர்ட்ட மட்டும் திருத்தமாட்டோம். அது என்னைக்கு இருந்து கெட்டுதோ அன்னைக்கு இருந்து உள்ள அத்தன பேரையும் கூப்பிட்டுச் சொல்லுவோம். அதாக்கும் முறை. நீங்க ரெண்டு வருஷம் இந்தக் கணக்குல எத்தன பேருக்கு எழுதினிய?"

தாணுவின் கை பையிலேயே நின்றுவிட்டது. நேற்றிலிருந்து இந்தக் கேள்வி அவருக்கு வராமல் இல்லை. வரும்போதெல்லாம் ரேஷ்மியின் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடியிருந்தார்.

"கொல்லம் ஆண்டு போட்டு வந்தவங்க நாப்பது பேரு இருப்பாவ" என்றார் மெல்ல. "அதுல தேதி விலகுத மாசத்துல பெறந்தவங்க பத்துப் பேருக்குள்ள வரும்."

"பத்துப் பேருக்க வீட்டுலயும் ஒரு அம்மை இருப்பா மாமா."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாணுவால் எழுந்துகொள்ள முடியவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்தார். தங்கபாய் காப்பி போட உள்ளே போனாள். ரேஷ்மி பேனாவோடு பக்கத்தில் வந்து அமர்ந்தாள். முதல் பெயர் நாராயணபெருமாள், இறச்சகுளம். மகன் பிறந்தது கார்த்திகை மாசம். அவனுக்குத் தொழில் ஆகாது, கைமுதல் நில்லாது என்று எழுதியிருந்தது. கீழே பழைய எண் ஒன்று இருந்தது. ரேஷ்மியே எண்ணை அழுத்திப் போனை அவர் கையில் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் போன் மணி நான்கு தடவை அடித்தது. எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தாணு நினைத்தார். எடுத்துவிட்டார்கள்.

"நான் பூதப்பாண்டி தாணு பேசுகேன்" என்றார். "நீங்க இப்பம் உக்காந்திருக்கியளா? பயப்படதுக்கு ஒண்ணும் இல்ல. நல்ல சேதியாக்கும்."